பொய் மட்டுமே பேசும் வாட்ச்மேன்

"அந்தப் பொய் பேசற வாட்ச்மேனை என்ன பண்ணினீங்க?" என்று மனைவி கேட்டபோது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை விழுங்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பண்ணுவதற்கு என்ன இருக்கிறது? அப்படி ஒரு வாட்ச்மேன் உலகத்திலேயே கிடையாது.

"எந்த வாட்ச்மேன்?" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க? உங்க கடை இருக்கற கட்டடத்துக்குப் புதுசா இரட்டையர் ரெண்டு பேர் வந்திருக்காங்க, ஒருத்தர் உண்மை மட்டும்தான் பேசுவார், இன்னொருத்தர் பொய் மட்டும்தான் பேசுவார், யார் எவர்னு தெரியலை, சாவி ரெண்டு ரூம்ல எதுல இருக்குன்னு ஒரே கேள்வியில கண்டுபிடிக்கணும்னு?"

சொன்னது உண்மைதான். சொன்ன விஷயம்தான் உண்மையில்லை.

விவரம் இதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தூங்கிய நண்பர்கள் சிலர் ஃபோனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் 'மண்டைக் குடைச்சல்'. அவர்களில் கணக்கு வாத்தியாராகப் போனவர் தினமும் அதில் ஒரு புதிர் போடுவார். முதலில் சரியான விடை சொல்கிறவருக்கு மதிப்பெண். வருஷக் கடைசியில் அதிக மதிப்பெண் வாங்கிய மூன்று பேருக்கு வீடியோவில் இறுதிப் போட்டி. ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. அது ஒரு வருஷம் அவரிடம் இருக்கும்.

போன வருஷம் ஜெயித்தவர் பல் டாக்டர். கோப்பையை அவர் சிகிச்சை நாற்காலிக்கு நேர் எதிரே வைத்திருந்தார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவர்கள் வேறு எதையும் பார்க்க முடியாது.

கண்ணாடிக்கடைக்காரர் பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வந்ததில்லை. பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஒருமுறை கடைசிக்கு முந்தினவராக வந்தார், அதுவும் கடைசிப் பையன் தடுக்கி விழுந்ததால். அந்தக் கோப்பை அவருக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அதற்காக ஏங்கினார். கடையில் ஃபிரேம்கள் அடுக்கியிருந்த மேல்தட்டை இப்போதே காலி பண்ணித் துடைத்து வைத்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், அவருக்குப் புதிர் சுட்டுப்போட்டாலும் வராது. அவர் மனைவிக்கு வரும். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு டியூட்டி போடுகிறவள். யாருக்கு எந்த நாள் லீவு வேண்டும், யாரோடு யார் ஒரே வார்டில் நின்றால் சண்டை வரும் என்பதையெல்லாம் மனசிலேயே போட்டுப் பிரித்துவிடுவாள். அவளிடம் நேராகக் கேட்கலாம். ஆனால் பெண் பார்க்கப் போனபோது, கணக்கில் தான் புலி என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால் ஒவ்வொரு புதிருக்கும் சட்டை மாட்டி, ஊரில் நடந்த சங்கதி மாதிரி அவள் காதில் போடுவார். அவள் பாத்திரம் தேய்த்தபடியே விடை சொல்வாள். அவர் பாத்ரூமுக்குப் போய் அதைக் குழுவில் போடுவார்.

வாட்ச்மேன் புதிரும் அப்படி ஜெயித்ததுதான். "ரெண்டு பேர்ல யாரையாவது பிடிச்சு, 'சாவி எங்கேன்னு உன் கூடப்பிறந்தவன்கிட்ட கேட்டா எந்த ரூமைக் காட்டுவான்'னு கேளுங்க. அவர் எந்த ரூமைச் சொல்றாரோ அதை விட்டுட்டு அடுத்த ரூமைப் பாருங்க" என்றாள். குழுவில் அன்றைக்கு ஒரே கைதட்டல்.

அதோடு விட்டிருப்பாள் என்று நினைத்தார்.

"அவனை வேலையை விட்டு அனுப்பியாச்சு" என்றார் இப்போது, கதையை முடிக்கிற நினைப்பில்.

மனைவியின் கை நின்றது. "அய்யய்யோ! குடும்பஸ்தனா?"

"யாருக்குத் தெரியும்?"

"கேட்டிருக்க வேண்டாமா? ஒரு வாய்ச் சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

மறுநாளும் அவள் முகம் சரியாகவில்லை. சாப்பாட்டில் உப்பும் இல்லை. மூன்றாவது வேளையில் அவர் இறங்கி வந்தார். "சரி, வருத்தப்படாதே. அவனை நம்ம கடையிலேயே வேலைக்கு வெச்சுக்கிட்டேன்."

"பொய் பேசறவரையா? பவர் என்னன்னு கேட்கறவங்களுக்கு மாத்திச் சொல்லிட்டா? பாவம், வர்றவங்க கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"உள் வேலைதான் குடுத்திருக்கேன்."

"எதுக்கும் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க. நானே ஒரு வார்த்தை பேசிப் பார்க்கறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் இறுதிப் போட்டி. மனைவி முறைத்துக்கொண்டிருந்தால் விடைக்கு எங்கே போவது?

கடைக்கு லென்ஸ் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரரைப் பிடித்தார். ஐம்பதைத் தாண்டிய, சாதுவான மனிதர். படிக்கிற கண்ணாடி ஒன்று இலவசம் என்று பேச்சு.

"ஒண்ணும் பெரிய வேலையில்லை. என் சம்சாரம் எதைக் கேட்டாலும் பொய் சொல்லணும்."

"எதைக் கேட்டாலுமா? பழக்கமில்லையே சார்."

"ரொம்பச் சுலபம். உண்மை என்னன்னு யோசிங்க, அதைச் சொல்லாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கூரியர்காரர் நன்றாகச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காபி குடிக்கிறீங்களா?"

அவருக்கு நிஜமாகவே வேண்டாம். ஒப்பந்தமும் மறந்துவிட்டது. "வேண்டாம்மா."

"அப்ப வேணும்னு அர்த்தம்" என்று உள்ளே போய்க் கொண்டுவந்தாள். "சர்க்கரை போதுமா?"

ஒரு வாய் குடித்தார். "போதும்மா."

இன்னும் ரெண்டு ஸ்பூன் விழுந்தது.

"இப்ப?"

"போதும்மா, தாராளமாப் போதும்!"

மறுபடியும் ரெண்டு ஸ்பூன். கூரியர்காரர் பரிதாபமாகக் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். சர்க்கரை டப்பா பாதிக்கு இறங்கிய பிறகு மனைவி எதிரே உட்கார்ந்தாள்.

"பொய் மட்டுமே பேசற வாட்ச்மேன் நீங்கதானே?"

அப்போதுதான் அவருக்குத் தன் வேடம் ஞாபகம் வந்தது. "ஆமாம்மா! நானேதான்!" என்றார் உற்சாகமாக.

மனைவி ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ஏங்க, பொய் மட்டுமே பேசறவர் இந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னுதானே சொல்லணும்? உண்மை பேசற அவங்க கூடப்பிறந்தவரும் 'இல்லை'ன்னுதான் சொல்வார். ரெண்டு பேர் வாயிலயும் இந்த 'ஆமா' வரவே வராது. அப்ப இவர் யாரு?"

கடைக்காரர் மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். கூரியர்காரரிடம் பதில் இருந்தது. "கூரியர்ம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

கடைக்காரர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். குழு, புதிர், பாத்ரூம், கணக்கில் புலி என்று அளந்தது, மேல்தட்டைத் துடைத்தது வரை ஒன்றையும் விடவில்லை.  "ஒரே ஒரு தடவை முதல்ல வந்து பார்க்கணும்னு ஆசை" என்று முடித்தார். அதில் நடிப்பு இல்லை.

மனைவி சர்க்கரை டப்பாவை மூடினாள். பிறகு, "என்கிட்ட நேராக் கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றாள்.

"அப்ப... இன்னைக்கு?"

"துணி மடிக்கற சாக்குல லேப்டாப்புக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கறேன். விரலைக் காட்டினா புரிஞ்சுக்குங்க."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒருத்தியிடமா இத்தனை நாள் வாட்ச்மேன் கதை அளந்தோம் என்று இருந்தது.

போட்டி தொடங்கியது. திரையில் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமையிலும் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். மூன்றாமவரான டிரைவிங் ஸ்கூல்காரர் நிறுத்தி வைத்த காருக்குள் இருந்தார், அதுவும் கற்றுக்கொள்கிறவர் உட்காரும் பக்கத்து டிரைவர் சீட்டு தெரியாதபடி ஃபோனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

"மூணு டிராயர். ஒண்ணுல கறுப்புப் பட்டன் மட்டும், ஒண்ணுல வெள்ளை மட்டும், ஒண்ணுல ரெண்டும் கலந்து. மேல 'கறுப்பு', 'வெள்ளை', 'கலப்பு'ன்னு சீட்டு ஒட்டியிருக்கு. மூணு சீட்டுமே தப்பு. ஒரே ஒரு டிராயர்ல, பார்க்காம ஒரே ஒரு பட்டன் எடுக்கலாம். அதை வெச்சு மூணையும் சொல்லணும். எந்த டிராயரைத் திறப்பீங்க? ஒரு வாய்ப்புதான். தப்பாச் சொன்னா வெளியே."

பல் டாக்டர் பக்கவாட்டில் திரும்பி, "கொஞ்சம் பஞ்சு எடு" என்றார். நோயாளியே இல்லாத இடத்தில் பஞ்சு எதற்கு என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. மனைவி துணிக் குவியலுக்குப் பின்னால் ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். தங்கைக்கு மெசேஜாக இருக்கும். 

"கறுப்புச் சீட்டு!" என்று பல் டாக்டர் அடித்துச் சொன்னார்.

"தப்பு" என்றார் வாத்தியார்.

காரில் வைப்பர் தானாக ஒருமுறை ஆடியது. "வெள்ளைச் சீட்டு" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"தப்பு."

மனைவி தலையை நிமிர்த்தினாள். ஒரு கறுப்புக் காலுறையையும் ஒரு வெள்ளைக் காலுறையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தூக்கிக் காட்டினாள்.

"கலப்புச் சீட்டு!" என்று கத்தினார் கடைக்காரர். காரணம் கேட்டார்கள். மனைவி உதட்டசைத்ததைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். "சீட்டு தப்புங்கறதால அதுல கலப்பு இருக்காது, ஒரே நிறம்தான். வர்ற பட்டன் கறுப்புன்னா அந்த டிராயர் முழுக்கக் கறுப்பு. வெள்ளைச் சீட்டு ஒட்டினதுல வெள்ளை மட்டும் இருக்க முடியாது, கறுப்பும் போயாச்சு, அதனால கலப்பு. மிச்சம் வெள்ளை!"

வாத்தியார் எழுந்து நின்று கைதட்டினார். பல் டாக்டரும் தட்டினார், வேறு வழியில்லாமல். கண்ணாடிக்கடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி பனித்துப் போனது. கழற்றித் துடைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக முதலாவது.

மனைவி மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "பாயசம் எல்லாம் கிடையாது, காபிதான். சர்க்கரையும் தீர்ந்துபோச்சு" என்று அங்கிருந்து குரல் வந்தது.

மேஜையில் அவள் ஃபோன் அடித்தது. திரையில் 'பல் டாக்டர் வீட்டம்மா' என்று வந்தது. இவளுக்கு அவங்களை எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் படபடவென்று குரல் கேட்டது.

"அக்கா, நாம மூணு வீட்டம்மாக்களும் பேசி வெச்சபடி நானும் டிரைவிங் ஸ்கூல் அக்காவும் எங்க வீட்டுக்காரங்களுக்குத் தப்பு விடையையே சொல்லிட்டோம், ஆனா அடுத்த வருஷம் டிரைவிங் ஸ்கூல்காரர் ஜெயிக்கற முறை, அப்ப உங்க வீட்டுக்காரருக்குத் தப்பு விடை சொல்றது உங்க பொறுப்பு!"