கடையத்து மாட்டுக்கும் எனக்கும் போட்ட ஊசி

தென்காசி,
2021 டிசம்பர் 28

மதிப்புக்குரிய மச்சான் முகம்மது சலீம் அவர்களுக்கு, துல்கர்னைன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் தங்கள் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் அல்லாஹ் காப்பானாக. இங்கு நானும் தங்கள் தங்கை ரஹ்மத்துன்னிசாவும் சுகமே. என் இடது கை மட்டும் சுகமில்லை. அதைப் போனில் சொல்லலாம் என்றால், போனை எடுத்த உடனே உங்க தங்கச்சி ஸ்பீக்கரைப் போடச் சொல்லுதா. ஆகவே நாளை அங்கே வர விமானம் ஏறும் அஃப்சல் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன்.

அருவியில் மறுபடி குளிக்க விடப்போகிறார்கள் என்று சேதி வந்ததும், ஐந்தருவியில் பூட்டிக் கிடந்த என் சிப்ஸ் கடையைக் கழுவி, நேந்திரங்காய்க்குச் சொல்லி, எண்ணெய்ச் சட்டியையும் தேய்த்து வைத்துவிட்டேன். மறுநாள் போனால் ஷட்டரில் ஒரு நோட்டீஸ். கொரோனா தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாதவர் கடை திறக்கக் கூடாதாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஊசிக்கு எதிரி இல்லை, மச்சான். போட்டுக்கோங்க பாய் என்று கேட்டிருந்தால் போட்டிருப்பேன். போட்டே ஆகணும் என்றால் எப்படி? என் உடம்பு என்ன பஞ்சாயத்துப் புறம்போக்கா? இதை வீட்டில் வந்து சொன்னேன். மீன் கழுவிக்கிட்டிருந்த உங்க தங்கச்சி தலையைக்கூட நிமிர்த்தலை. "நோட்டீஸ் ஒட்டுனது நேத்து. தெருமுனையில நாற்காலி போட்டுக் கூப்பிட்டது எட்டு மாசமா. அப்ப எங்கன போயிருந்துது உங்க விருப்பம்?" என்றாள். மரியாதையை முன்னிட்டு நான் திண்ணைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் கிருபாவை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்ததும் முதல் பஸ்ஸில் கடையத்துக்குப் போய்விட்டேன். அங்கே எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் சினேகிதர் வேல்சாமி, "நல்ல நேரத்துல வந்தீய பாய், இந்தக் கயித்தப் பிடிங்க" என்று ஒரு மாட்டை என்னிடம் கொடுத்தார். பார்த்தால் கால்நடை டாக்டர் நிக்காரு, கோமாரி ஊசி போட. போன இடத்திலும் ஊசி. "இதுக்கு விருப்பமான்னு கேட்டீயளா?" என்றேன். "இதுக்குச் சீக்கு வந்தா பக்கத்துத் தொழுவத்துக்கும்லா போவும்? இதுகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார் வேல்சாமி. மாட்டுக்கு ஓட்டு கிடையாது, மனுஷனுக்கு உண்டு என்று நான் சட்டம் பேசிக்கிட்டு இருக்கும்போதே டாக்டர் ஊசியை மேலே தூக்கிட்டாரு, என் கண்ணு தானா மூடிக்கிடுச்சு, கயிறு நழுவுது, மாடு ஒரு உதை விடுது, நான் சாணிக்குழிக்குள்ள கிடக்கேன். டாக்டர் மாட்டை விட்டுட்டு என் முகத்துல தண்ணி தெளிச்சாரு. "ஊசி மாட்டுக்குத்தான போட வந்தேன், நீங்க ஏன் மயங்குனீய?" என்றார். உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன் மச்சான், உரிமை உரிமைன்னு நான் பேசினதுல முக்கால்வாசி பயம்தான்.

வேல்சாமியின் வேட்டியைக் கட்டிக்கிட்டு நேரா ஐந்தருவிக்கே போனேன். பக்கத்துக் கடை ஸ்டான்லி அண்ணாச்சியை உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷமா ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரே பெஞ்சுதான், அதுலதான் டீ குடிப்போம். அவங்க அக்கா கொடுத்த சிறுநீரகத்தை வச்சு நடமாடுத மனுஷன். அன்னைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு, தன் கடையைத் தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டிருந்தாரு. வாங்கன்னு கூப்பிட்டேன்.

"ஊசி போட்டாச்சா பாய்?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப நான் இங்கனயே இருக்கேன். நான் ரெண்டும் போட்டாச்சு. ஆனா கிட்னிக்குத் திங்கிற மாத்திரையால என் உடம்புல அது சரியாப் பிடிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுத்தி இருக்கவங்க போட்டாத்தான் எனக்குக் காவல்."

கோபமாச் சொல்லியிருந்தா நானும் சண்டை போட்டிருப்பேன். அவரு மழை வருமான்னு கேக்குத மாதிரி சொன்னாரு. வீட்டுக்கு வந்து நானே கிருபாவுக்குப் போன் போட்டேன். உங்க தங்கச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஊசி போட்டதே தெரியல. முடிஞ்சுதுன்னு கிருபா சொன்ன பிறகுதான் மயங்கினேன். முதல் ஊசிச் சான்றிதழுக்கே கடை திறக்க விட்டாங்க. ஸ்டான்லி அண்ணாச்சி ஸ்டூலைப் பாதி தூரம் கிட்ட நகர்த்திப் போட்டிருக்காரு. மீதி தூரம் ரெண்டாவது ஊசிக்கு அப்புறமாம்.

ஆனாலும் என் கட்சி மாறவில்லை, மச்சான். அரசாங்கம் எடுத்துச் சொல்லலாம், கெஞ்சலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. நோட்டீஸ் ஒட்டின அன்றைக்கே அண்ணாச்சி மாதிரி ஒருவரைப் பேச விட்டிருந்தால் நான் கடையம் போயே இருக்கமாட்டேன். இதை உங்க தங்கச்சிக்கு நீங்களும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்குள்ள ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் என் சலாம். தங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் வேண்டும்,

தங்கள் அன்பு மச்சினன்,
துல்கர்னைன்

பின்குறிப்பு: கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, கடை வரிசை முனையில் மேஜை போட்டு என்னைச் சான்றிதழ் பார்க்க உட்கார்த்தியிருக்கிறார்கள். இன்று காலை ஊசி போடாத பஜ்ஜிக் கடைக்காரர் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினேன். என்னைக் கட்டாயப்படுத்த நீ யாருவே என்று கேட்கிறார். இப்படியும் மனுஷங்க இருக்காங்க, மச்சான்.