பச்சை விளக்குக் காப்புக் கமிட்டி

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். தவறு. நெருப்பை மூட்டலாமா கூடாதா என்று கூடிப் பேசி முடிவெடுக்கும் கமிட்டிதான் தலையாயது. நெருப்பு வெறும் சூடு தரும். கமிட்டியோ பாதுகாப்புத் தரும். யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்பவர்கள் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை.

அமெரிக்காவின் வடக்கே பனி கொட்டும் டுலூத் நகரில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி ஒன்றில் அப்படிப்பட்ட உயர்ந்த கமிட்டி இருந்தது. தலைவர் வெண்டல் டோர்விக். பெட்டிக்குள் மின்சாரம் பாய்ந்ததும் முதலில் கண்விழிக்கும் நிரல் இருக்கிறதே, பூட் கோட், அதற்குக் காவல் தெய்வம் அவர்தான். அவருடைய கையெழுத்து இல்லாமல் அதில் ஒரு காற்புள்ளிகூட நுழைய முடியாது. பிழைகள் நுழைந்தது உண்மைதான்; ஆனால் அவை முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு நுழைந்தவை.

காபி இயந்திரத்துக்கு மேலே ஒரு விளக்கு உண்டு. எழுதிய நிரல் இயந்திரத்துக்குப் புரிகிற வடிவத்துக்கு ஒழுங்காக மாறினால், அதாவது கம்பைல் ஆனால், பச்சை; ஆகாவிட்டால் சிவப்பு. வெண்டல் தலைவரானதிலிருந்து அது பச்சையைத் தவிர வேறு நிறம் காட்டியதில்லை. வசந்த காலத்தில் அவருக்குக் கம்பெனியின் துணைத் தலைவர் நாற்காலி கிடைக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சும் அந்தப் பச்சையைத்தான் நம்பியிருந்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அவர் காபி பிடிக்கப் போனபோது விளக்கு சிவப்பாக எரிந்தது. நாலு பேர் துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள்.

“யாரு பண்ணது?”

“நான்தான்,” என்றாள் ஐலி சல்மேலா, டோனட்டைக் கடித்தபடி. பூட் கோட் எழுதுகிற என்ஜினீயர் அவள். வாய்நீளம் என்று அவளுக்கு ஒரு பெயர். அதை அவள் பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தாள். “ஒரே ஒரு வரி சேர்த்தேன். பெட்டி ஓட்டற ஃபர்னஸ் மாடல் பட்டியல், பெட்டி மெமரில அதுக்கு ஒதுக்கின இடத்துல அடங்குதான்னு கம்பைல் ஆகும்போதே பாக்கற வரி. அடங்கல. அதான் சிவப்பு.”

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பூட் கோட் கண்விழிக்கும் நேரத்தில் பெட்டிக்குள் வேறு எதுவும் விழித்திருக்காது. தப்பு நடந்தால் காட்டத் திரை கிடையாது, அலற மணி கிடையாது. பெட்டி சும்மா கிடக்கும். ஆகவே, வாசலில் கட்டில் நுழையுமா என்பதைக் கடையிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும் என்பது ஐலியின் கட்சி. இது யாருக்கும் புரிகிற சாதாரண யோசனை. வெண்டல் இதைவிட ஆழமாகச் சிந்திப்பவர்.

அவசரமாகக் கமிட்டி கூடியது.

“நேத்து வரைக்கும் கம்பைல் ஆச்சா இல்லியா?” என்றார் வெண்டல்.

“ஆச்சு.”

“நீ இந்த வரியப் போட்டதும் நின்னுபோச்சு.”

“ஆமா.”

“அப்ப தப்பு எங்கம்மா இருக்கு? வரியிலதானே?”

கமிட்டி உறுப்பினர் டேல் கோவல்சிக் தலையாட்டினார். அவர் அதில் கைதேர்ந்தவர். வெண்டல் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆட்டி முடித்துவிடுவார்.

“வெண்டல், பட்டியல் வளந்துபோச்சு,” என்றாள் ஐலி. “எடத்தத் தாண்டி பக்கத்து எடத்துல கால நீட்டுது. அங்க என்ன இருக்கு தெரியுமா? கரண்ட் போய்த் திரும்பி வந்தா படிக்க வேண்டிய குறிப்பு. மொதல் தடவ அந்த எடம் காலி, ஒண்ணும் தெரியாது. ஒரு தடவ கரண்ட் போய் வந்துச்சு, பெட்டி அவ்வளவுதான். ஜனவரில, இந்த ஊர்ல.”

“சோதனைக்கூடத்துல ஒரு தடவகூட அப்படி ஆகலியே.”

“சோதனைக்கூடத்துக்கு ஜெனரேட்டர் இருக்கு. அங்க கரண்டே போகாது.”

“பாத்தியா, நீயே சொல்லிட்ட,” என்றார் வெண்டல், வழக்கு முடிந்த நிம்மதியோடு.

ஐலி எழுந்தாள். மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள், மறுபடி செருகினாள். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை.

முதலில் சுதாரித்தவர் டேல். “பிடுங்கினது நீ. இத மின்வெட்டுன்னு சொல்ல முடியாது. இது ஊழியர் நடத்தை.”

“அதோட நம்ம கையேட்டுலயே பிளக்கப் பிடுங்காதீங்கன்னு போட்டிருக்கு,” என்றார் வெண்டல். “தவிர, பூட் கோட் சின்ன எடம். அதுல ஒரு பைட் கூடறதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

“ஒரு பைட்டும் கூடாது. கம்பைல் ஆகும்போது பாத்துட்டு அது மறஞ்சு போயிடும். பெட்டிக்குள்ளயே போகாது.”

வெண்டல் நாற்காலியில் சாய்ந்தார். தத்துவ ஞானிகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்க்கும் கணம் அவருக்கு வாய்த்துவிட்டது.

“பெட்டிக்குள்ளயே போகாத வரி, பெட்டிய எப்படிம்மா காப்பாத்தும்?”

ஐலி வாயைத் திறப்பதற்குள் நடவடிக்கைக் குறிப்பில் ‘பதில் இல்லை’ என்று ஏறியது.

“சரி, பழைய மாடலயெல்லாம் எடுத்துட்டுப் பட்டியலச் சுருக்கறேன்,” என்றாள் கடைசியில். “ஒரு வாரம் குடுங்க.”

“வெள்ளிக்கிழமை சரக்கு கெளம்பணும்.”

கமிட்டி ஈவிரக்கம் இல்லாதது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சமரச வழி ஒன்றை டேல் கண்டுபிடித்தார். வரி இருக்கட்டும்; அதில் இட அளவாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பெரிதாக்கிவிடலாம். பட்டியல் எவ்வளவு பெருத்தாலும் அடங்கும்.

“டேல், நீ வாசல அகலமாக்கல,” என்றாள் ஐலி. “அளக்கற டேப்ப இழுத்து நீட்டியிருக்க.”

விளக்கு பச்சையானது. கைதட்டினார்கள். பெட்டிகள்மேல் புது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது: ‘கம்பைல் நேரத்திலேயே பாதுகாப்புச் சரிபார்க்கப்பட்டது.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. விளக்கு எரிகிறதா என்று நன்றாகவே சரிபார்த்தார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனி கனத்து மின்கம்பிகள் அறுந்தன. அந்தக் குளிர்காலத்தின் முதல் மின்வெட்டு அதுதான். கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. ஃபர்னஸ்கள் வரவில்லை. வெண்டல் வீட்டிலும் வரவில்லை; ஊழியர் சலுகையில் வாங்கிய பெட்டி அது.

“லைட் எரியுது, டிவி ஓடுது,” என்றாள் அவர் மனைவி லார்னா, இரண்டு கோட்டுகளுக்குள்ளிருந்து. “ஒன் பெட்டி மட்டும் ஏன் செத்துக் கெடக்கு?”

“செத்துன்னு சொல்லாத. அது துவக்க நிலையில இருக்கு.”

“எவ்வளவு நேரம் துவக்க நிலையில இருக்கும்?”

வெண்டலுக்கு விடை தெரியும். வசந்தம் வரை. அதைச் சொல்லாமல், “ஸ்டிக்கரப் பாரு, எல்லாம் சரிபாத்ததுதான்,” என்றார்.

“அதக் கொளுத்துனா எவ்வளவு நேரம் சூடு வரும்?”

தொலைபேசி விடாமல் அடித்தது. ஊர் முழுக்கத் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. அக்டோபரில் மேஜைமேல் மூச்சடங்கிக் கிடந்த பெட்டி வெண்டலின் ஞாபகத்துக்கு வந்து, வந்த வேகத்தில் துரத்தப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். மேட்டுத்தெருவில் ஒரே ஒரு கூரையில் மட்டும் புகை எழுந்தது. ஐலியின் வீடு.

அவள் வீட்டிலும் அதே கம்பெனிப் பெட்டிதான். உள்ளே இருந்த நிரல் மட்டும் அவள் சொன்னபடி இருந்தது. மதியத்துக்குள் கமிட்டி முழுவதும் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்துவிட்டது. டேல் தன் வயதான அம்மாவைப் போர்வையில் சுருட்டித் தூக்கி வந்திருந்தார். ஐலி யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. கிழவியைத் தன் சோபாவில் படுக்க வைத்து, தன் கம்பளியைப் போர்த்தினாள். எல்லோருக்கும் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தாள். பிறகு ஒரு காகிதத்தை வெண்டல் முன்னால் வைத்தாள்.

“அக்டோபர்லயே சுருக்கி வச்ச பட்டியல். கையெழுத்து மட்டும் போடுங்க. டெக்னீஷியனுங்க இப்பவே கெளம்பி வீடு வீடாப் போயிடுவாங்க. கொழந்தைங்க வெறச்சுக் கெடக்கு, வெண்டல்.”

வெண்டல் பேனாவை எடுத்தார். உண்மையாகவே எடுத்தார். ஆனால் அதற்குள் அவருக்கு உடம்பு சூடாகிவிட்டது. உடம்பு சூடானதும் மூளை பழையபடி வேலை செய்யத் தொடங்கியது.

“ஒன் வீட்டுப் பெட்டில இது எப்ப ஏறுச்சு?”

“அக்டோபர்ல.”

“யார் கையெழுத்துல?”

ஐலி காகிதத்தை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினாள்.

“அப்ப, அனுமதி இல்லாத நிரல். அதுலேருந்து அனுமதி இல்லாத சூடு.”

“நீங்க ஒக்காந்திருக்கறதே அந்தச் சூட்டுலதான்.”

“அதனாலதான் நேர்ல பாத்த சாட்சியா இருக்கேன்,” என்றார் வெண்டல்.

“மொதல்ல கையெழுத்தப் போடு, வெண்டல்,” என்றாள் லார்னா.

“மொதல்ல ஒழுங்கு, லார்னா. அப்புறம் சூடு.”

ஐலியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் எழுதியது என்பதால் சுருக்கிய பட்டியலை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பது. வெண்டல் கொண்டுவந்த இந்தத் தீர்மானம் அங்கேயே வாக்கெடுப்புக்கு வந்தது. சோபாவில் அம்மா நிம்மதியாகக் குறட்டைவிட, டேல்தான் முதலில் கை தூக்கினார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று அந்த ஊரில், கையுறை போடாமல் கை தூக்க முடிந்த வீடு அது ஒன்றுதான்.