எதிராளிக்குப் பேசினால்தான் மீதித் தலை

அன்று முடிவெட்டும் கடையில் இருந்தவர்கள்: தோட்ட ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஐயா. பெஞ்சில் அவர் பக்கத்தில், தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோர் முனியாண்டி அண்ணன். கதவோரம் போன் குமார். நாற்காலியில் நான். எனக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு பாதித்தலை அண்ணன்.

ஐந்து பேர். பாதித்தலை அண்ணனைத் தவிர மற்ற எங்களுக்கு அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவரைச் சொல்ல வேண்டும்.

உலகத் தலைவர்கள் கோட்டு போட்டு உட்கார்ந்து பேசியும் தீராத சண்டைகளை, எங்கள் தோட்டத்து ஊரான புக்கிட் ரோத்தானில் ஒரே ஒரு சுழல் நாற்காலியை வைத்துக்கொண்டு தீர்க்கப் பார்த்த மனிதர் அவர். அந்த நாற்காலியும் சுழலாது.

அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. கடைப் பலகையில் இருந்ததை மழை கொண்டுபோய்விட்டது. ஊருக்கு அவர் பாதித்தலை. அதற்குக் காரணம் அவர் தலை இல்லை. எங்கள் தலைகள்.

கடையில் ஒரு சட்டம். டிவியில் செய்தி ஓடும். எந்த நாட்டுச் சண்டையாக இருந்தாலும் நீங்கள் ஒரு பக்கம் பேசலாம். பேசப் பேச இடது பக்கம் வெட்டுவார். நன்றாகவே வெட்டுவார். பிறகு கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிடுவார்.

"சரி. இப்ப எதிராளிக்குப் பேசு."

பேசினால்தான் வலது பக்கம். இல்லையென்றால் துண்டை உதறிவிட்டு, "அடுத்த ஆளு வா லா" என்பார். காசு வாங்க மாட்டார். பாதி வேலைக்குக் காசு வாங்கினால் கை விளங்காதாம்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போயிற்று என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குப் பேச்சு வராது. பாமாயில் எடுக்கும் செம்பனை மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். மரத்தோடு என்ன பேச்சு? ஒரு நாள் கிராணி ஐயா டிவியைப் பார்த்துவிட்டு, "பெரிய நாடுன்னா நாலு அடி அடிக்கத்தான் செய்யும், என்னப்பா?" என்றார். நான் "உம்" என்றேன்.

அது போதும் அவருக்கு. இடது பக்கம் முடிந்தது. கத்தரிக்கோல் தட்டுக்குப் போனது.

"இப்ப அடி வாங்கினவனுக்குப் பேசு."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"அடிக்கிறவனுக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

"நான் உம்னுதானே சொன்னேன்."

"அடி வாங்கினவனுக்கும் ஒரு உம் சொல்ல மாட்டியா?"

சொல்லியிருக்கலாம். ரோஷம். எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சோறு போட வந்த என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குழம்பு அவ்வளவு மோசமா இருக்காது. கழட்டிட்டுச் சாப்பிடுங்க."

கழற்றினேன். அவள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கிராணி ஐயா படித்தவர். தினமும் பேப்பரை விளம்பரத்தோடு படிப்பவர். எதிராளிக்குப் பேசுவது அவருக்கு மானக்கேடு. பாதித் தலையோடு கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கே போனார், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. "ஐயா எந்தச் சாமிக்கு மொட்டை போட்டீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மறுநாள் விடியும் முன்பே கடை வாசலில் நின்றார். எதிராளிக்கு அரை மணி நேரம் பேசினார். பாதித்தலை அண்ணனே கும்பிட்டு நிறுத்த வேண்டியதாயிற்று.

போன் குமார் செரண்டாவில் ஃபேக்டரி வேலை பார்க்கிறவன். சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருவான். "எதிராளி சைடு வீடியோ இருக்கு அங்கிள், போட்டுக் காட்டுறேன்" என்றான்.

"போனுக்கு முடி வெட்டணுமா? உனக்கா?"

இப்படியே போயிருந்தால் அவரைக் கிறுக்கர் என்று சொல்லி முடித்திருப்பேன். மண்டோர் அண்ணன் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கு எங்கேயோ பஸ்ஸில் குண்டு வைத்துவிட்டார்கள் என்று செய்தி. வைத்தவனும் செத்துப்போனான். மண்டோர் அண்ணன் கொதித்தார். இடது பக்கம் முடிந்தது.

"இங்க பாரு," என்றார் மண்டோர் அண்ணன். "பஸ்ஸுல வந்த பிள்ளைங்கள கொன்னவனுக்கு நான் பேச மாட்டேன். இப்படியே வீட்டுக்குப் போறேன். ஊரு சிரிக்கட்டும்."

"அவனுக்குப் பேசாத. பேசினா நானே வெட்ட மாட்டேன்."

"பின்ன?"

"அவன் ஆத்தாவுக்குப் பேசு."

மண்டோர் அண்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார். நூறு பேரை விரட்டி வேலை வாங்கிய குரல் அது. அன்று தாழ்ந்து வந்தது.

"சோறாக்கி வச்சிருக்கும்."

அவ்வளவுதான். வலது பக்கம் வெட்டப்பட்டது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ரஷ்யாவும் உக்ரேனும் அடித்துக்கொண்ட வருடம் செம்பனைக் குலைக்கு விலை ஏறியது. நான் பிறந்து அப்படி ஒரு விலை பார்த்ததில்லை. கூரை மாற்றினேன். மகளுக்கு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். கிராணி ஐயா காரணம் சொன்னார்.

"அங்க வயல் பூரா சூரியகாந்தி. சண்டையில எண்ணெய் வெளிய வர முடியல. அதான் உலகமே நம்ம செம்பனை எண்ணெயத் தேடுது."

மண்டோர் அண்ணனுக்கு என்னைவிட இரண்டு ஏக்கர் கூட. தொடையில் தட்டினார்.

"அப்ப இந்தச் சண்டை இன்னும் ரெண்டு வருசம் ஓடட்டும் லா!"

கிராணி ஐயா சிரித்தார். குமார் சிரித்தான். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். என் தலை ஆடி, கத்தரிக்கோல் நுனி காதில் பட்டது.

"தலைய ஆட்டாத," என்றார் பாதித்தலை அண்ணன்.

இடது பக்கம் முடிந்தது. கத்தரிக்கோல் தட்டுக்குப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. அப்படியே வலது பக்கம் வந்தார். வெட்டினார். கழுத்தில் பவுடர் போட்டார்.

"முடிஞ்சுது. எந்திரி."

முழுத் தலையோடு அவ்வளவு அசிங்கமாக நான் தெருவில் நடந்ததில்லை.

அதன் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. டிவி ஓடும். நாங்கள் பேசினாலும் வெட்டுவார், பேசாவிட்டாலும் வெட்டுவார். பத்து நிமிடத்தில் வேலை முடியும். இதைத்தானே இத்தனை காலம் விரும்பினோம்? ஆனால் பெஞ்சில் உட்கார ஒருவரும் வரவில்லை. கிராணி ஐயாதான் கடைசியில் தாங்க முடியாமல் கேட்டார்.

"அண்ணே, பழையபடி கேளுங்களேன். நாங்க பேசுறோம்."

"நீங்க ஒரு பக்கத்துக்குப் பேசினா மத்த பக்கத்தக் கேக்கலாம் ஐயா. சண்டைக்கே பேசிட்டீங்க. நான் எந்தப் பக்கத்தக் கேக்குறது?"

கிராணி ஐயா கையிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

சில மாதத்தில் கடையைச் சாத்திவிட்டார். முட்டி வலி, செரண்டாவில் மகள் கூப்பிடுகிறாள் என்றார். முட்டி வலி உண்மைதான். அதுதான் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஈஜோக், ரவாங் வழியாகச் செரண்டா போனேன். குமார்தான் வீட்டைச் சொன்னான். மகள் வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்தில் அதே நாற்காலி.

"என்ன லா இவ்வளவு தூரம்?"

"முடி வெட்டணும்."

துண்டைக் கட்டினார். இடது பக்கம் வெட்டினார். அது முடியும் நேரத்தில் சொன்னேன்.

"அண்ணே. பழையபடி கேளு."

கத்தரிக்கோல் நின்றது. கேட்கவில்லை. ஆனால் வெட்டவும் இல்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். பாதிதான் வந்தது.

"அங்க ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் மூணு ஏக்கர் இருக்கும். சூரியகாந்தி. அவனால அறுக்க முடியல. நான் அறுத்தேன்."

வலது காதுப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

"தலைய ஆட்டாத," என்றார்.

தலை ஆடவில்லை. தோள்தான் ஆடியது. வலது பக்கம் கொஞ்சம் குட்டையாகிவிட்டது.

இப்போது மாதா மாதம் போகிறேன். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே ஏர்கான் போட்ட முடிவெட்டும் கடை வந்துவிட்டது. "முடி வெட்ட இவ்வளவு தூரமா?" என்று என் மனைவி கேட்கிறாள். போன வாரம் போகும்போது, எங்கள் வாசலில் தொடங்கி வழியில் உள்ள முடிவெட்டும் கடைகளை எண்ணிக்கொண்டே போனேன்.

பதினேழு.