நெத்தலியோடு காய்ந்த டொப் மொடல்

புத்தளம் மாவட்டக் கரை முழுவதும் தேடினாலும் டொப் நானாவைப் போலப் போனை மதித்த ஒரு மனிதரைக் காணமுடியாது. அவரைப் போலப் போனைக் கொன்ற மனிதரையும் காணமுடியாது. இரண்டையும் ஒரே பக்தியோடுதான் செய்தார்.

என்னைக் கேட்டால், போன் என்றாலே அலுப்பு. சொந்த ஊர் உடப்பு. கல்பிட்டிக் கடற்கரையில், டொல்பின், எங்கள் பேச்சில் ஓங்கில், காட்டப் போகும் படகுகளுக்கு ஆள் பதிகிற கொட்டிலில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வேலை என்றால் போன் எடுப்பதுதான். "நாளைக்கு டொல்பின் வருமா?" என்று கொழும்பிலிருந்து கேட்பார்கள். "பெரும்பாலும் வரும்" என்பேன். "பெரும்பாலும் எண்டா?" என்பார்கள். டொல்பினிடமே கேட்டுச் சொல்லவா என்று வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். அந்த வேலை பார்த்தவனுக்கு மணி அடித்தாலே முகம் சுருங்கும். இன்றைக்கும் பாதி அழைப்புகளை நான் எடுப்பதில்லை. வீட்டில் அதற்கென்றே தனிச் சண்டை நடக்கிறது.

போதாக்குறைக்கு இப்போது இன்னொரு தொல்லை. "அண்ணா, புது மொடல் வந்திருக்காம், விலை கொஞ்சம் கூடத்தான், எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கொஞ்சமாம். போன வருடம் முதுகில் மூன்று கண் வைத்து விற்றார்கள். இந்த வருடமும் அதே மூன்று கண், சற்றே வீங்கின கண். விலை மட்டும் பிஞ்சில் பழுத்த பிள்ளை மாதிரி வளர்ந்து நிற்கிறது. விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அதனால் கேட்கிறவர்களுக்கு டொப் நானாவின் கதையைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

நானா என்பது முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அழைக்கும் முறை. அவருடைய உண்மைப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கரையில் ஒரு படகு வைத்திருந்தார். "எடுத்தா டொப் எடு, இல்லாட்டி எடுக்காத" என்பது அவருடைய வேதவாக்கு. ஆனால் அந்த வாக்கு போனுக்கு மட்டும்தான். இடுப்பில் கட்டிய சாரம் நைந்தது, செருப்புக்கு ஆணி குத்தியிருந்தது. படகு எஞ்சினோ எப்போது உயிரோடிருக்கும், எப்போது மௌத்தாகும் என்று அதற்கே தெரியாது. முதல் இழுப்புக்கு "பிஸ்மில்லாஹ்" என்பார். அதற்குக் கிளம்பாவிட்டால் கெஞ்சுவார். பிறகு எஞ்சினின் பரம்பரையை இழுத்து ஏசுவார். கடைசியில் துடுப்பால் மண்டையில் ஒன்று போடுவார், அதற்குத்தான் அது கிளம்பும்.

அப்படிப்பட்டவரின் சட்டைப் பைக்குள் மட்டும், ஒவ்வொரு சீசனுக்கும், கடையில் உள்ளதிலேயே உயர்ந்த போன் இருக்கும். பழையதைக் கொடுத்து, மேலே காசு போட்டு, புதியதை எடுப்பார். உப்புக்காற்று படாமல் அதை சிலிசிலி பொலித்தீன் பேக்கில் சுற்றி, அதன்மேல் கைலேஞ்சித் துணியால் கட்டி வைத்திருப்பார். அழைப்பு வந்தால் கட்டவிழ்த்து எடுப்பதற்குள் மற்றப் பக்கத்தில் போனை வைத்துவிடுவார்கள்.

பவுசுக்குத்தான் இந்த ஆட்டம் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் நேரே கேட்டேன்.

"நானா, யாருக்குக் காட்ட இவ்வளவு பெரிய போன்?"

"ராத்தாக்கு."

ராத்தா என்றால் அவருடைய அக்கா. தொண்ணூறில் முஸ்லிம்களை மன்னாரிலிருந்து ஊரோடு துரத்தியபோது, வள்ளத்தில் கல்பிட்டிக்கு வந்திறங்கிய குடும்பம் அவர்களுடையது. நானா அப்போது சின்னப் பையன். ராத்தாவும் சிறுமிதான். வழியெல்லாம் தம்பியை மடியில் போட்டு, அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாளாம். தன் கண்ணைப் பொத்த அவளுக்குக் கை மிஞ்சவில்லை. கரையேறியதிலிருந்து அவள் கடலைப் பார்த்ததில்லை. வீட்டுக் கதவையே கடலுக்கு முதுகைக் காட்டித்தான் வைத்தார்கள். தம்பி கடலில் பிழைக்கிறான், அக்கா காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்றுகூடக் கேட்கமாட்டாள்.

"கடலெண்டா சாவு எண்டுதான் அவ நினைச்சிட்டு இரிக்கா, தம்பி. அதுக்குள்ள சந்தோசமா துள்ளுற உயிரும் இரிக்கி எண்டு ஒருக்காக் காட்டிட்டாப் போதும். காட்டுறதெண்டா தெளிவாக் காட்டணும்லா? அதான் டொப்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்வது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. முற்றாக நிறுத்தினேன் என்று சொல்லவில்லை.

ஏனென்றால் அவர் படம் பிடிக்கும் விதம் அப்படி. ஒரு கை எஞ்சின் பிடியில், மறு கை போனில். டொல்பின் வலப்பக்கம் துள்ளினால் போன் இடப்பக்கம் திரும்பும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்த அன்று அவருடைய பெருவிரல் நடுவில் வந்து நிற்கும். சரியாக டொல்பின் கூட்டத்துக்கு நடுவில் எஞ்சின் செத்துப்போவதும் வழக்கம். ஒருதடவை கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள், டொல்பினுக்குத் தொந்தரவு வேண்டாமென்று இவர்தான் எஞ்சினை அணைத்தார் என நினைத்து, "நியமை அய்யே!" என்று கைதட்டினார்கள். நானா நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். பிறகு திரும்பிக்கொண்டு, சத்தம் வராமல் எஞ்சினை ஏசினார்.

மத்தியானம் படத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். பின்னேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்.

"என்ன சொன்னா நானா?"

"இது காகமா எண்டு கேட்டா."

அடுத்த சீசன், அடுத்த போன். "என்ன சொன்னா?" என்றேன்.

"கண்ணாடில அழுக்கு, துடைச்சிட்டுக் காட்டு எண்டா."

அதற்கடுத்த சீசனில்தான் விலைகள் தலைக்குமேல் போயின. எஞ்சின் மாற்றாவிட்டால் இனி ஆள் ஏற்ற விடமாட்டோம் என்று படகுச் சங்கத்தில் நானாவுக்குக் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நடுக்கடலில் நின்றுபோகிற படகில் யார் உயிரை வைப்பார்கள்? நானா எஞ்சினுக்கென்று காசும் சேர்த்துவிட்டார். எஞ்சின் பார்க்கப் புத்தளம் டவுனுக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தவரின் கையில் ஒரு சின்னப் பெட்டிதான் இருந்தது.

"எஞ்சின் எங்க நானா?"

பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு நல்ல எஞ்சினின் விலை, உள்ளங்கை அளவில், மினுமினுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, களைப்புத்தான் வந்தது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"நானா, எஞ்சின் நிண்டா தொழில் போயிடும்."

"எஞ்சின் நிண்டா துடுப்பு இரிக்கி. போனுக்குத் துடுப்பு இரிக்கா?"

நான் எழுந்து, அடித்துக்கொண்டிருந்த கொட்டில் போனை எடுக்கப் போனேன்.

இந்தப் போனுக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று கடையில் சொல்லிவிட்டிருந்தார்கள். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். நானா கடல்தண்ணீரை வாளியில் அள்ளிவைத்து, காலையில் படகேற வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் போனை முக்கி எடுத்துக் காட்டினார். "பாத்தீங்களா, டொப்!" என்பார். சனம் டொல்பினை விட்டுவிட்டு வாளியைப் படம் பிடித்தது. அப்படி முக்கி முக்கி, ஒருநாள் போன் வெளியே வந்தபோது முகம் கறுத்திருந்தது. தட்டினார், ஊதினார், குலுக்கினார். துடுப்பால் அடிக்காததுதான் குறை.

கடைக்காரருக்கு என் போனிலிருந்து எடுத்துக் கேட்டோம். அரிசிக்குள் புதைத்து வையுங்கள், ஈரத்தை இழுத்துவிடும் என்றார். நானா சிரித்தார்.

"அரிசியா? சொல்லுங்க பாப்பம், எந்த மீன நாம அரிசி போட்டுக் காயவச்சிருக்கோம்?"

கொட்டிலில் இருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கருவாட்டு வாடிக்காரர் முதலில் தலையாட்டினார். அவர் பக்கத்தில் நின்ற உப்பளத்துக்காரர் ஆட்டினார். உடப்பில் பிறந்து கருவாட்டு வாசத்தில் வளர்ந்த நானும் ஆட்டினேன். ஈரத்தை இழுக்க உப்பை விட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? வேறு ஊரில் இந்தப் பேச்சு நடந்திருந்தால் யாராவது ஒருவர் தடுத்திருப்பார். எங்கள் கரையில் தடுப்பதற்கு ஆளில்லை.

ஆகவே போன் நல்ல புத்தளத்துக் கல்லுப்புக்குள் புதைக்கப்பட்டது. பிறகு வாடியில் காயப்போட்டிருந்த நெத்தலிக்கு நடுவில், பாயில் ஓர் ஓரமாக வெயிலில் வைக்கப்பட்டது. நானா தென்னோலையால் காகம் விரட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார். ஒரு பக்கம் காய்ந்ததும், வாடிக்காரர் மீனைப் பிரட்டுகிற கையோடு போனையும் பிரட்டிவிட்டார்.

பிறகு நானாவும் நானும் டவுனுக்குப் போனோம். கடைக்காரர் போனைக் கையில் வாங்கினார், முகர்ந்தார், திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது.

"நானா, இத நான் திருத்துறதா, பொரிக்கிறதா?" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நானா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கரைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புது எஞ்சினும் இல்லை, போனும் இல்லை, சங்கத்தில் அவர் படகின் பெயரை வெட்டப் போகிறார்கள். எனக்கு மனது கேட்கவில்லை, அவர் வீட்டுக்குப் போனேன்.

நானா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செத்த போன் மடியில் கிடந்தது. ராத்தா பிளேன்டீ கொண்டுவந்து எனக்கு வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல்படியில் நின்றாள்.

"தம்பி, என்னாலதான் இந்த வேலை எல்லாம். தெரியுது, நல்லாத் தெரியுது, வடிவா இரிக்கி எண்டு முதல் போனுலயே ஒரு பொய் சொல்லியிருந்தா இவன் எப்பவோ எஞ்சின் எடுத்திருப்பான். எனக்குப் பொய் வராது. நான் கண்டது புள்ளிதான்" என்றாள்.

நானா தலையை நிமிர்த்தவில்லை.

"டேய்," என்றாள் அவள். "இனிப் போன் வாங்காத. அந்த ஓங்கில் எங்க துள்ளுதோ, அங்க என்னைக் கூட்டிட்டுப் போ. உன்ட எஞ்சினுல வரமாட்டன், சொல்லிட்டன்."

நானா நிமிர்ந்து பார்த்தார்.

எங்கள் கரையில் முஸ்லிம் படகுகள் வெள்ளிக்கிழமை கடலுக்கு இறங்குவதில்லை. சங்கத் தலைவரின் புத்தம்புது எஞ்சினும் அன்றைக்குச் சும்மாதான் கிடக்கும். போய்க் கேட்டேன். யாருக்கு என்று கேட்டார். ராத்தாவுக்கு என்றேன். அவரே கழற்றிக்கொண்டுவந்து நானாவின் படகில் பூட்டிக் கொடுத்தார். "ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி வந்திருங்க" என்றார், அவ்வளவுதான்.

உயிர்காப்புச் சட்டையை ராத்தாவுக்குக் கட்டிவிட்டது நான். படகு அலையில் ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள், வாய் ஓதிக்கொண்டேயிருந்தது. ஒரு கையால் பலகையைப் பிடித்திருந்தாள். மறு கை தம்பியின் சாரத்து நுனியை இறுக்கிப் பிடித்திருந்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. வெகுதூரம் போன பிறகு நானா வேகத்தைக் குறைத்தார்.

"ராத்தா, கண்ணத் திற."

திறந்தாள். எங்களைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஓங்கில். ஒன்று படகோடு ஒட்டி எழும்பி, திரும்பி, தண்ணீரை எங்கள்மேல் இறைத்துவிட்டுப் போனது. ராத்தா முகத்தைத் துடைக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். பிறகு திரும்பி, தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"அறுவானே, இதையாடா இவ்வளவு நாளும் எனக்குப் புள்ளியாக் காட்டின?"

நான் என் வெடித்த கண்ணாடிப் போனை எடுத்தேன். "உள்ள வைங்க தம்பி" என்றார் நானா. வைத்துவிட்டேன். அவர் ஓங்கிலைப் பார்க்கவேயில்லை, அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் அவர் பெயரை வெட்டவில்லை. ராத்தா தலைவரிடம் பேசி வாங்கிக் கொடுத்த அவகாசத்தில், அடுத்த சீசனுக்குள் ஒரு எஞ்சின் எடுத்தார். டொப் எஞ்சின் இல்லை, ஓடுகிற எஞ்சின். நான் அந்த வேலையை விட்டு உடப்புக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது நானாவிடம் இருப்பது ஒரு பட்டன் போன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து கூப்பிடுவார். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. காற்று எப்படி, ராத்தா திரும்பவும் படகேறினாளா, எஞ்சினைக் குறை சொன்னாளா என்று ஏதாவது கதைப்பார். நான் எவ்வளவு களைத்துக் கிடந்தாலும், அந்த ஒரு அழைப்பை மட்டும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.