குழு சாப்பிடப் போன பாதை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் மிச்சமிருக்கிற என் மரியாதையும் போய்விடும்.

ரயில் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டுத்தான் அரசாங்கம் விதி போடும். அதில் பயணிகள் தரப்பு உறுப்பினர் அடியேன். படிப்பு அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ரயிலில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசுவேன். அந்தத் தகுதி போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவது என் மருமகள். அவள் சமையல்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கடக்கிற இடத்தில் கேட் இல்லை, மணி இல்லை. வளைவு வேறு. ரயில் முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும். ஒருநாள் முகம் வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

“மாமா, இன்னிக்கு மயிரிழையில தப்பிச்சேன். காத்து அடிச்ச வேகத்துல கீழ விழுந்துட்டேன். உங்க குழுவுல சொல்லி ஒரு கேட் போட வைங்க.”

“இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? நான் எதுக்கு இருக்கேன்?”

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் விதி. ‘மாட்டேன்’ என்று ஒரு தலை ஆடினாலும் போச்சு. ‘கடவுப்பாதையில் கேட் கட்டாயம் வேண்டும்’ என்று எழுதிவைத்தோம்.

“கட்டாயம்னா எங்க வண்டிங்க காத்துக் கெடக்கணுமே?” என்றார் லாரி முதலாளி. ‘கட்டாயம்’ போயிற்று.

“கேட்னு எழுதினா, கேட் போட வேண்டியதாயிடும்” என்றார் ரயில்வே அதிகாரி. ‘கேட்’ போயிற்று.

மிஞ்சியது ‘வேண்டும்’. அதைக் கைவிட யாருக்கும் மனசு வரவில்லை. முன்னால் கொஞ்சம் சேர்த்து, ‘ரயிலும் மக்களும் இயன்றவரை கவனமாக இருத்தல் வேண்டும்’ என்றாக்கினோம்.

“ரயிலை எப்படிங்க கவனமா இருக்கச் சொல்றது?” என்றார் அதிகாரி. ரயிலை எடுத்துவிட்டோம்.

“மக்கள் தரப்பில் ஆட்சேபம் உண்டா?” என்று தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அதற்கு முன் என்னைப் பார்த்ததே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “அணுவளவும் இல்லை” என்றேன். கை தட்டினார்கள்.

“கேட் வருதா மாமா?”

“விதியே வருதும்மா! உன்னைப் பத்திதான். நீ கவனமா இருக்கணுமாம்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி மாமா, இருந்துடறேன்.”

அடுத்த கூட்டத்துக்குச் சாப்பாடு வரவில்லை. போன் போட்டேன்.

“விதிப்படி கவனமா இருக்கேன் மாமா. தண்டவாளத்தைத் தாண்டறதில்ல. சமையல் தயார். எல்லாரும் இங்க வந்து சாப்பிட்டுக்கோங்க.”

பசி ஒருமித்த கருத்தாக இருந்தது. தலைவர் முன்னால் நடக்க, குழு பின்னால் போயிற்று. அவர் தண்டவாளத்தில் கால் வைக்கவும் வளைவில் ரயில் திரும்பவும் சரியாக இருந்தது. துள்ளிப் பின்னால் வந்து என்மேல் விழுந்தார். ரயில் கடந்து போனபோது மாண்புமிகு தலைவர் என் மடியில் இருந்தார்.

“கேட் எங்கய்யா?” என்று அலறினார்.

“போன கூட்டத்துல எடுத்துட்டோங்க.”

நின்ற இடத்திலேயே கூட்டம் நடந்தது. ‘கட்டாயம்’ என்ற சொல்லை லாரி முதலாளியே எடுத்துக் கொடுத்தார். ஆனால் எல்லா இடத்துக்கும் என்றால் அரசாங்கம் தாங்குமா? பொறுப்போடு யோசித்து, ‘ஆலோசனைக் குழு உணவருந்தச் செல்லும் கடவுப்பாதைகளில் கேட்டும் மணியும் கட்டாயம் அமைத்தல் வேண்டும்’ என்று முடித்தோம். ஒரு தலைகூட ஆடவில்லை.

கேட் சீக்கிரமே வந்தது. திறப்பு விழாவில், மக்களுக்காக நான் போராடிய விதத்தை நானே விரிவாக எடுத்துச் சொன்னேன். மருமகள் கேட்டில் சாய்ந்துகொண்டு முழுக்கக் கேட்டாள்.

“மாமா, என் தங்கச்சி பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வழியிலயும் கேட் இல்ல. இந்த விதி அங்க செல்லுமா?”

“குழு எங்க சாப்பிடுதோ அங்கதாம்மா செல்லும்.”

மறுநாள் காலையில் அவள் அடுப்பை அணைத்தாள். அண்டா குண்டாவையெல்லாம் வண்டியில் ஏற்றினாள். தங்கச்சி பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கடையைப் போட்டுவிட்டாள்.