ஜொலாம்பா ராஜாவின் பேச்சு

இல்லாத ஒரு நாட்டுக்காகச் சோறு தண்ணியை விட்டவன் எங்கள் ஆப்பிரிக்கா ஒருத்தன்தான். வேறு பேர் அவனுக்கு உண்டு. யாரும் கூப்பிட்டதில்லை.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் வேலை பார்த்தோம். நாங்கள் நாலைந்து பேர் ஒரே ரூம். ஷிப்ட் முடிந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரித்து அதில் காமிக்ஸ் வரைவான். கதை ஆப்பிரிக்காவில், ஜொலாம்பா என்ற நாட்டில் நடக்கும். அவன் வாலாஜாபாத்தைத் தாண்டிப் போனதில்லை.

கடையில் விற்கும் காமிக்ஸில் ஆப்பிரிக்க ஆள் வந்தால் "ஊகா பூகா" என்பான். இவனுக்கு அது ஆகாது.

"அவனும் ஆயாகிட்ட பேசி வளந்தவன்தான? அவனுக்கு மட்டும் பாஷை இல்லாம பூடுமா?"

உட்கார்ந்து ஒரு பாஷையே கட்டினான். பரீட்சை எங்கள் மேல். கதையில் ஜொலாம்பா ராஜா பேசுவதை எல்லாம் என்னை நிற்கவைத்துப் பேசச் சொல்வான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தான். எதிராளியின் வீடு, மாடு, மழை மூன்றையும் விசாரிக்காமல் எதையும் கேட்கக் கூடாது. "பாலோ துமே", அதாவது வீட்டில் எல்லாரும் சுகமா என்று ஆரம்பித்து மெஸ்ஸில் ரசம் கேட்டு முடிப்பதற்குள் மோர் வந்துவிடும். ஒருநாள் லைனில் ஒருத்தன் ஸ்பேனர் கேட்கப் போய் மாட்டை விசாரித்துக்கொண்டு நின்றான். மெஷின் நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து கத்தினார். ஆப்பிரிக்கா அவர் ஊரில் மழை எப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னான். அந்த வாரம் எங்களுக்கு ஓவர்டைம் இல்லை.

கதையை மெட்ராஸில் ஒரு பத்திரிகை வாங்கிக்கொண்டது. அவனுக்கு முதல் கதை. ராஜா பேச்சில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டிருந்தான். ஆசிரியர் தலையாட்டினாராம்.

புத்தகம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கியது. துப்பாக்கியோடு வந்தவனைப் பார்த்து ராஜா "ஊகா பூகா" என்றார். பக்கத்துக்குப் பக்கம் அதேதான்.

அவன் கத்தவில்லை. கிழிக்கவில்லை.

"துப்பாக்கி புடிச்சவனையே வூட்ல எல்லாரும் நல்லாகீறாங்களான்னு கேக்கறாருடா ராஜா. அதாண்டா கதையே," என்றான்.

சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அதன்பிறகு வரையவில்லை. அட்டைகளை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் வேலைக்குப் போயிருந்தான். நாங்கள் பஸ் ஸ்டாண்டு கடையில் இருந்த புத்தகங்களை மொத்தமாக வாங்கினோம். பெஞ்சில் உட்கார்ந்து ஊகா பூகாவை அடித்தோம். ராஜா பேச்சு எனக்கு மனப்பாடம். பக்கத்திலேயே பேனாவால் எழுதினேன். முடித்ததும் புத்தகங்களைக் கொண்டுபோய் அதே கயிற்றில் மாட்டினோம்.

"இன்னாபா, துட்டு குடுத்து வாங்கிட்டு திரும்ப மாட்டிகினு கீறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வித்துக்கோண்ணே. படிக்கறவன் ஒழுங்கா படிக்கட்டும்."

சாயங்காலம் ஆப்பிரிக்காவை அங்கே கூட்டிப்போனோம். ஒன்றை உருவினான். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தான்.

"கையெழுத்து கேவலமா கீதுடா," என்றான்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். கையெழுத்து அப்படித்தான் இருக்கும். ஆனால் சட்டைப்பையில் இருந்த பேனாவை அவன் ஓர் இடத்தில்கூடத் திருத்த எடுக்கவில்லை.