பிராய்லர் கடை பேஷண்ட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைச் சாத்திய ஒரே கோழிக்கடைக்காரன், இந்த உலகத்திலேயே எங்கள் உத்திரமேரூர் பிராய்லர்தான். கறி வாங்க வந்த கூட்டம் பாத்திரத்தோடு நிற்கிறது. இவன் ஷட்டர் முன்னால் உட்கார்ந்து அழுகிறான்.

"யாருடா போனது?" என்று கத்தினேன்.

"தொரை போய்ட்டாருக்கா."

தொரை என்பது ஒரு ஆக்சலாட்டல். மெக்சிகோ நாட்டுப் பிராணி. பல்லி மாதிரி நான்கு கால், மீன் மாதிரி வால், காது இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புத் துடைப்பம் மாதிரி செவுள், எந்நேரமும் இளிக்கிற வாய். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். வெயில் ஆகவே ஆகாது. வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில் இதை வளர்க்கக் கிளம்பியவனை நான் திட்டியதையெல்லாம் எந்தப் பத்திரிகையும் போடாது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் ஆணுக்குத் தொரை, பெண்ணுக்குத் தொரசானி என்று பெயர் வைத்திருந்தான். இரண்டுமே கிழம்.

விடிந்தால் கோழி வெட்டுகிறவன், தொரசானிக்கு மண்புழு நறுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் புழுவையும் கண்ட இடத்தில் தோண்ட மாட்டான். "மருந்து அடிச்சியா? யூரியா போட்டியா?" என்று நிலத்துக்காரர்களைக் குடைவான். "பொண்ணு கட்றவன்கூட இவ்ளோ வெசாரிக்க மாட்டாண்டா" என்று துரத்தினால் அடுத்த நிலத்துக்குப் போவான்.

தொரை போன கொஞ்ச நாளில் தொரசானியும் படுத்துவிட்டது. செவுளெல்லாம் பஞ்சு மாதிரி பூஞ்சை. தீனியைத் தொடவில்லை. குளிரில் வைத்தால் பூஞ்சை அடங்கும் என்று கேட்டுக்கொண்டு வந்து, தண்ணீர் ஊற்றிய டப்பாவோடு அதைக் கடை பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தான்.

"அந்த டப்பால இன்னா கறி?" என்பார்கள்.

"கறி இல்ல, பேஷண்ட்டு. கதவ மூடு, சூடு ஏறுது."

அப்போது புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கம் அந்த மாதம் பாதி ஊர் கறியைத் தொடாது. கடை காற்று வாங்கும். அதனால் புரட்டாசி முதல் நாள் பிரிட்ஜை அணைத்து, கழுவி, பொட்டு வைப்பது அவன் பெண்டாட்டியின் வழக்கம். அந்த வருஷமும் மறக்காமல் செய்தாள். டப்பாவை எடுத்துப் பத்திரமாகக் கறி வெட்டும் கட்டை மேல் வைத்துவிட்டு, உள்ளே உறைந்த ஐஸைக் கறிக்கத்தியால் குத்தினாள். கேஸ் புஸ்ஸென்று போய், பிரிட்ஜ் செத்தது. அவர்களுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

புழு தோண்டப் போனவன் வந்து பார்த்து, டப்பாவைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். கோழிக்கடை டப்பாவைப் புரட்டாசியில் யார் வாங்கி வைப்பார்கள்? வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தினார்கள். கடைசியில் என் வாசலில் நின்றான்.

"கொஞ்சம் எடம் குடுக்கா. வெந்து பூடும்க்கா."

நெற்றி நிறைய நாமத்தோடு என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "பெருமாள் மாசத்துல கவிச்சிய வூட்டுக்குள்ள வுடுவியா?"

"கவிச்சி எங்கய்யா கீது? மூச்சு வுட்டுக்கினு கீது. உசுரோட கீற வரைக்கும் எல்லாம் சைவந்தான்" என்றேன்.

"செத்துச்சின்னா?"

மூன்று பேரும் டப்பாவைப் பார்த்தோம். அது இளித்தது.

"சாவாதுண்ணா" என்றான் பிராய்லர்.

"செத்துச்சி, நீ செத்தடா" என்று சொல்லி, பிரிட்ஜில் தயிரை நகர்த்தி இடம் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் தலைக்குக் குளித்து, என் வீட்டுக்காரரைவிடப் பெரிய நாமம் போட்டுக்கொண்டு வருவான். பழைய தண்ணீரைக் கொட்டி, குளிரவைத்த தண்ணீரை ஊற்றுவான். பூஞ்சை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. ஆனால் தின்னவில்லை. தின்னாவிட்டால் பிழைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டு, கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறோம். பின்கட்டிலிருந்து அலறல்.

"தின்னுட்டா! அக்கா, தொரசானி புழுவத் தின்னுட்டா!"

வீட்டுக்காரர் என்னை முறைத்தார். "அப்ப அந்தப் புழு இன்னா, சைவமா?"

"கோவிந்தா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். வேறு வழியில்லாமல் அவரும் கத்தினார்.

மாதம் முடிந்ததும் பிரிட்ஜைச் சரிபண்ணி, தொரசானியை ஆட்டோவில் ஏற்றி ஊர்வலம் மாதிரி கூட்டிக்கொண்டு போனான். நாலு கடை தள்ளிப் போக ஆட்டோ.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் வந்தான். கையில் டப்பா இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கண் மட்டும் சிவந்திருந்தது.

"நோயில போவலக்கா. காலைலகூடத் தின்னுச்சி. வயசாயிப் போச்சி, அவ்ளோதான்."

யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத வாய் என்னுடையது. "உன்கிட்ட வளந்துச்சிடா. அதான் வயசாயிப் போற வரைக்கும் இருந்துச்சி" என்றேன். உடனே உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் அழுததைப் பார்த்திருந்தால், கறி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பான் படுபாவி.